ராஜா உயரத்துக் கோல்

வடக்கே செம்மண்கோட்டை, தெற்கே கரிசல்கோட்டை, ரெண்டுக்கும் நடுவில் ஊமத்தம்பட்டி. அந்த ஊமத்தம்பட்டியில் மூக்காயி என்று ஒருத்தி இருந்தாளாம். நிஜமாகவே இருந்தாளா என்று கேட்கக் கூடாது. அவள் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை, அதனால் இருந்தாள்.

புருசன் போன பிறகு ஒண்டியாக உழைத்து ரெண்டு பிள்ளைகளை ஆளாக்கினவள். பெரியவன் சடையன், சின்னவன் மாயன். நல்லவள்தான், ஆனால் ஊரில் அவளுக்கு ஒரு பேர் இருந்தது. எதையும் கேட்காமல் விடமாட்டாள். தண்ணீர் எடுக்கப் போனால், “இந்தக் கிணத்த ஏன் வட்டமா வெட்டுனாங்க?” என்பாள். கல்யாண வீட்டுக்குப் போனால், “மாப்பிள்ளை ஏன் இந்த முழி முழிக்கிறாரு?” என்பாள். இழவு வீட்டுக்குப் போனால், சும்மா அழுதுவிட்டு வரவேண்டியதுதானே? “பெரியவரு ஏன் சிரிச்சமேனிக்கே போயிருக்காரு?” என்று கேட்டுவிட்டு வருவாள். அவள் வருகிறாள் என்றாலே ஊர்க்காரர்கள் வேறு தெருவில் திரும்பிவிடுவார்கள்.

ஒரு நாள் காலையில் மூக்காயி கம்பங்கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். வடக்கேயிருந்து ஒரு கூட்டம் வருகிறது. கையில் நெட்டநெடிய மூங்கில் கோல். கோலைத் தரையில் போடுகிறார்கள், முனையில் கோடு கிழிக்கிறார்கள், எடுக்கிறார்கள், மறுபடி போடுகிறார்கள். போட்டு எடுத்து, போட்டு எடுத்து, நேரே அவள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள்.

“தாயி, கஞ்சிய இறக்கு. கோலு அடுப்பு மேல விழுது” என்றான் முன்னால் வந்த அளவுக்காரன்.

“ஏன், சுத்திப் போனா கோலுக்குக் கால் வலிக்குமா?”

“எல்லைன்னா நேராத்தான் போகணும். நாங்க செம்மண்கோட்டை ஆளுங்க. எங்க கோட்டை வாசல்லருந்து தெக்கே பத்தாயிரம் கோல் எங்க நாடு. தாத்தா ராஜா காலத்துல அளந்து கல்லுலயே வெட்டி வச்சிருக்கு.”

“தாத்தா அளந்தத நீ ஏன் திரும்ப அளக்குற?”

“கோலுன்னா ராஜா உயரம். புது ராஜா பட்டத்துக்கு வந்தா புதுக் கோல் வெட்டணும். அதான் வழக்கம். எங்க புது ராஜா நல்ல உயரம்.”

“அப்ப உங்க ராஜா வளந்ததுக்கு எங்க ஊரு வந்து உங்க நாட்டுல சேருதா?”

அவன் மறுபடி கோலைப் போட்டான். அடுப்பைத் தாண்டி, கோழிக்கூட்டைத் தாண்டி, ஊரையும் தாண்டிப் போய் ஒரு சிவப்புக் கொடியை நட்டுவிட்டு வந்தான். வந்து, “இந்த ஊரு எங்களோடது. வீட்டுக்கு ஒரு ஆள் படைக்கு வரணும்” என்று சடையனைக் கையைப் பிடித்து இழுத்தான்.

அவன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே தெற்கேயிருந்து இன்னொரு கூட்டம். அவர்கள் கையில் அதைவிட நீளமாக ஒரு கோல்! அவர்களும் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, கோழிக்கூட்டைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, ஊருக்கு வடக்கே ஒரு கறுப்புக் கொடியை நட்டார்கள். “எங்க கோட்டைக் கல்லுலயும் வடக்கே பத்தாயிரம் கோல்னுதான் வெட்டியிருக்கு. இந்த ஊரு கரிசல்கோட்டைக்குச் சொந்தம். வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்” என்று மாயனைப் பிடித்தார்கள்.

கொடிக்காரர்களுக்குள் வாய்த்தகராறு வந்து, வாய்த்தகராறு கைகலப்பாகி, கைகலப்பு முற்றி, வருகிற பௌர்ணமியன்று காலையில் ஊமத்தம்பட்டி எல்லையில் சண்டை என்று நாள் குறித்துவிட்டார்கள்.

பிள்ளைகள் ரெண்டு பேரும் வாசலில் நிற்கிறார்கள். ஒருத்தன் கையில் சிவப்புத் துணி, ஒருத்தன் கையில் கறுப்புத் துணி.

“அண்ணே, அன்னைக்கு எதிரே வந்தா நான் உன்னைக் குத்தணுமாம்ல?” என்றான் மாயன்.

“குத்தாட்டி உன் தலைய எடுத்துருவாங்கடா.”

“எங்க குத்த?”

“தொடையில குத்து. இடது தொடை. பைய.”

“நீ?”

“நான் உன் முதுகுல கம்பத் திருப்பி ஒரு போடு போடுறேன். நீ செத்தவன் மாதிரி விழுந்துரு. சிரிச்சிராத, சின்ன வயசுலயே உனக்கு ஒளிஞ்சு விளையாடத் தெரியாது.”

மூக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. ரெண்டு பேரும் ரெண்டு திசையில் போனார்கள். வீடு வெறிச்சென்று ஆனது. அவள் இறக்கி வைத்த கஞ்சியைப் பார்த்தாள். பிறகு எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “ஒரே ஊரு எப்படி ரெண்டு பேரு கணக்குலயும் வருது? கேட்டுப்புட்டு வாரேன்” என்று கிளம்பிவிட்டாள்.

முதலில் செம்மண்கோட்டைக்குப் போனாள். அந்த ராஜா இருக்கிறாரே, அவர் எழுந்து நின்றால் மேகம் ஒதுங்கித்தான் போகவேண்டும். கிரீடத்தில் ஒரு கொக்கு கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது, அவருக்கே தெரியாது. நெட்டைராஜா என்று ஜனங்கள் கூப்பிடுவார்கள்.

“மகராசா, உங்க கோலு உங்க உயரந்தானா?” என்று கேட்டாள்.

ராஜா எழுந்தார், கோலை வாங்கிப் பக்கத்தில் நிறுத்தினார். சரியாக இருந்தது. “இதுல பொய்யில்ல பொம்பளே. பத்தாயிரம் தரம் போட்டோம், உன் ஊரு உள்ள வந்துருச்சு. நான் என்ன செய்ய, குனிஞ்சு நிக்கவா?” என்றார். கொக்குக் குஞ்சு கீச்சென்றது. அவ்வளவுதான், அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து கரிசல்கோட்டைக்குப் போனாள். அங்கே இருந்தவர் குட்டைராஜா. அந்தப் பேரை யாரும் அவர் காதுபடச் சொன்னதில்லை. சிம்மாசனத்தில் ஏற ஒரு சின்ன ஏணி உண்டு. உட்கார்ந்தால் கால் தரையில் படாது, கீழே ஒரு மணை போட்டு வைத்திருப்பார்கள். அவருக்குப் பக்கத்தில் உடையப்பர் என்று ஒரு மந்திரி. ஊமத்தம்பட்டியில் ஒரு பெரிய புளியந்தோப்பு இருக்கிறது. அதன் மேல் உடையப்பருக்கு ரொம்ப நாளாகக் கண். ஊரைப் பிடித்துத் தந்தால் தோப்பு உமக்கே என்று ராஜாவிடம் வாக்கும் வாங்கியிருந்தார்.

மூக்காயி சுவரில் சாய்த்திருந்த கோலைப் பார்த்தாள். வாசல் நிலையைவிட உயரமாக இருந்தது.

“மகராசா, இது யாரு உயரம்?”

“என் உயரம்!” என்று ராஜா நெஞ்சை நிமிர்த்தினார். “மந்திரிதான் அளந்தாரு. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. உக்காந்தே இருக்கதுனால நமக்குத் தெரியல போல.”

“ஒரு தரம் இறங்கி வந்து அது பக்கத்துல நின்னு காட்டுங்களேன், கண்ணாரப் பாத்துட்டுப் போறேன்.”

ராஜாவும் ஆசையாக ஏணியில் ஒரு காலை வைத்தார். உடையப்பர் குறுக்கே பாய்ந்தார். “ராஜாவைக் கீழே இறங்கச் சொல்ல நீ யாரு? தள்ளுங்கடா இவள வெளியே!”

ஏன் இப்படிப் பதறினார்? காரணம் இருக்கிறது. கோல் வெட்டுகிற அன்றைக்கு உடையப்பர் ராஜாவுக்குக் குதிகால் உசந்த பாதக்குறடு மாட்டி, கிரீடம் வைத்து, கிரீடத்துக்கு மேல் மயிலிறகுக் கொத்து வைத்து, அந்த இறகின் நுனி வரைக்கும் மூங்கிலை வெட்டியிருந்தார். ராஜாவோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கவனிக்கவில்லை.

ரெண்டு இடத்திலும் வெறுங்கையோடு வந்த மூக்காயி மூன்றாவதாக எங்கே போவாள்? ஊர் எல்லையில் இருக்கிற நாலுகால் முனியிடம் போனாள்.

அந்த முனியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெரிய ஆலமரம், அதன் அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகைக்கல். கல்லில் ஒரு உருவம். மேலேயும் ரெண்டு கால், கீழேயும் ரெண்டு கால். நடுவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எண்ணெயும் மையும் அப்பி அப்பிக் கையளவு கனத்துக்கு ஏறிப்போயிருந்தது. நாலு காலையும் பார்த்த ஜனங்கள் பயந்துபோய்க் கோழி அறுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கும்பிடுகிறதிலும் ஒரு முறை உண்டு. வடக்கத்தி ஆள் வடக்கே இருந்து, தெற்கத்தி ஆள் தெற்கே இருந்து, தலை கல்லைத் தொட நெடுஞ்சாண்கிடையாக விழவேண்டும். விழாமல் அந்த எல்லையை யாரும் தாண்டமாட்டார்கள், ராஜாவே ஆனாலும்.

மூக்காயி விழுந்து கும்பிட்டாள். “என் பிள்ளைகளைக் காப்பாத்து சாமி” என்று அழுதாள். அழுதுகொண்டே நிமிர்ந்தவளுக்கு ஒரு யோசனை. “ஏன் சாமி, உனக்கு நாலு காலு இருக்கு, தல எங்க?”

சும்மா இருப்பாளா? ஒரு கை சாம்பலையும் தேங்காய் நாரையும் எடுத்துக் கல்லைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்! சாமியைப் பாத்திரம் விளக்குகிற மாதிரி விளக்குகிறாள். தேய்க்கத் தேய்க்க மை கழன்றது. நடுவில் தலை தெரிந்தது. ஒன்றல்ல, ரெண்டு. உச்சந்தலையும் உச்சந்தலையும் முட்டிக்கொண்டு இருந்தன. மேலே இருந்த காலுக்கு ஒரு உடம்பு, கீழே இருந்த காலுக்கு ஒரு உடம்பு. பக்கத்திலேயே மேல் குதிகாலிலிருந்து கீழ் குதிகால் வரைக்கும் நீளமாக ஒரு கோடு. கோட்டின் சரிபாதியில் ஒரு வெட்டு.

“இது என்ன கூத்து?” என்று வாயில் விரலை வைத்தாள். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

பௌர்ணமி வந்துவிட்டது. விடிந்தும் விடியாமல் வடக்கே தாரை ஊதுகிறார்கள், தெற்கே தப்பு அடிக்கிறார்கள். ரெண்டு படையும் முனியின் ரெண்டு பக்கமும் வந்து நின்றன. பொம்பளைகள் பக்கத்தில் வரக்கூடாது என்று விரட்டிவிட்டார்கள். மூக்காயி பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க ஆலமரத்தில் ஏறி, முனிக்கு நேர் மேலே ஒரு கிளையில் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பக்கம் முன் வரிசையில் சடையன், இந்தப் பக்கம் முன் வரிசையில் மாயன்.

நெட்டைராஜா முன்னால் வந்தார். கிரீடத்தைக் கழற்றினார், செருப்பைக் கழற்றினார். வடக்கே கால் நீட்டி, தலை கல்லைத் தொட, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

குட்டைராஜாவும் முன்னால் வந்தார். உடையப்பர் காதருகே குனிந்தார். “மகாராஜா, நீங்க நின்னமேனிக்கே ஒரு கும்பிடு போட்டாப் போதும். மண்ணு ஒட்டிக்கும்.”

படையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “முனிக்கு விழாத ராஜா பின்னால எவன் போவான்? நான் போகமாட்டேன்பா.” “நானும் போகமாட்டேன்.”

ராஜாவுக்கே பயம் வந்துவிட்டது. “மண்ணு ஒட்டுனாத் தட்டிக்கலாம்யா” என்று கிரீடத்தைக் கொடுத்தார், பாதக்குறட்டை உதறினார், தெற்கே கால் நீட்டி விழுந்தார்.

மேலே உட்கார்ந்திருந்த மூக்காயி பார்க்கிறாள். வடக்கே ரெண்டு கால், தெற்கே ரெண்டு கால், நடுவில் ரெண்டு தலை. அப்படியே கல்லில் இருந்த உருவம்! அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன்னை மறந்து கத்திவிட்டாள். “அடே! எந்திரிக்காதீங்க! அப்படியே கிடங்க!”

ரெண்டு படையும் நடுங்கிப்போனது. முனி பேசிவிட்டது என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ராஜாக்கள் ரெண்டு பேரும் மூக்கை மண்ணில் அழுத்திக்கொண்டு அசையாமல் கிடந்தார்கள்.

“அண்ணே, அது ஆத்தா குரலு!” என்று தெற்குப் படையிலிருந்து மாயன் கத்தினான்.

“தெரியுது, வாய மூடு!” என்றான் சடையன்.

மூக்காயி பார்த்தாள். முனி என்று நினைக்கிறார்களா? நல்லதாய்ப் போயிற்று. குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, “ஒரு கயிறு கொண்டாங்க! இந்தக் குதிகால்லருந்து அந்தக் குதிகால் வரைக்கும் பிடிங்க!” என்றாள். ஓடினார்கள், கிணற்றில் இறைக்கிற கமலைக் கயிறு கொண்டுவந்து பிடித்தார்கள். “இப்ப அதை ரெண்டா மடிங்க! மடிச்சது எம்புட்டோ அதான் கோலு!”

உடையப்பர் மட்டும் அண்ணாந்து பார்த்தார். “முனியுமில்ல மண்ணுமில்ல! அந்தா, மரத்துல ஒரு பொம்பள! அன்னைக்கு அரண்மனைக்கு வந்தவளேதான்! இறக்குங்கடா அவள!”

இறக்கினார்கள். வாளை உருவிக்கொண்டு நாலு பேர் சுற்றி நின்றார்கள். ராஜாக்கள் தலையைத் தூக்கினார்கள். மூக்காயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“கத்துனது நான்தான், வெட்டுறதுன்னா வெட்டுங்க. அதுக்கு முன்னாடி இந்தக் கல்ல ஒரு தரம் பாருங்க. இது முனி இல்ல, உங்க தாத்தாமாரு ரெண்டு பேரும். இங்கதான் தலையோட தல முட்டப் படுத்துருக்காங்க. ரெண்டு பேரு நீளத்தையும் சேத்து, பாதியா வெட்டி, அத ஒரு கோலாக்கி, அந்த ஒரே கோல வச்சுத்தான் ரெண்டு நாட்டையும் அளந்துருக்காங்க. கோட்டையில எழுதி வச்ச கோலு இதுதான். நீங்க ஆளுக்கு ஒண்ணா வெட்டிக்கிட்டு வந்து நிக்கிறீங்க.”

ரெண்டு ராஜாவும் தவழ்ந்துபோய்க் கல்லைப் பார்த்தார்கள். நெட்டைராஜா தாடியைத் தடவினார். “இருக்கட்டும். வழக்கப்படி என் உயரம் எனக்குக் கோல். நான் ஏன் அத விடணும்?”

“மகராசா, உங்க இளவரசரு எம்புட்டு உயரம்?”

ராஜா படையின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே இளவரசர் இருந்தார். மீசை வைத்த ஆள்தான், ஆனால் ஆத்தாவைக் கொண்டு பிறந்தவர், குதிரை மேல் ஏற இன்னும் ரெண்டு பேர் தூக்கிவிடவேண்டும்.

“அவரு பட்டத்துக்கு வந்தா அவரு உயரத்துக்குத்தான் கோலு வெட்டுவீங்க? அன்னைக்கு உங்க நாடு எங்க வந்து நிக்கும்? உங்க கோட்டை வாசலாச்சும் மிஞ்சுமா?”

நெட்டைராஜா இளவரசரை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தார். “கயித்த மடிச்சுக் கோல் வெட்டுங்கடா” என்றார்.

“அப்ப நம்ம கோலு?” என்று குட்டைராஜா எழுந்து, தன் கோலை வாங்கிப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். தலைக்கு மேலே இன்னொரு அரை ஆள் உயரத்துக்கு மூங்கில் மிச்சம் இருந்தது. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கழற்றிப் போட்ட குறட்டைப் பார்த்தார், கிரீடத்து மயிலிறகைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

“யோவ் மந்திரி. நான் இம்புட்டுத்தானாய்யா?”

உடையப்பர் ரெண்டடி பின்னால் நகர்ந்தார். “மகாராஜா மனசு சந்தோசப்படட்டும்னு...”

“சந்தோசப்பட்டேன்யா! ஒரு மாசமா நிமிந்து நடந்தேன். வாசப்படியில குனிஞ்சு போனேன், தல இடிக்குமேன்னு!”

நெட்டைராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படை சிரித்தது. குட்டைராஜாவின் கை வாளுக்குப் போயிற்று. மறுபடி சண்டைதான் போலிருக்கிறது என்று எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். மூக்காயி நடுவில் வந்து, “ஏன் சிரிக்கிறீங்க வடக்கத்தி மகராசா? உங்க தலையில கொக்கு குடும்பம் நடத்துது, அத யாராச்சும் உங்ககிட்டச் சொன்னாங்களா?” என்றாள். நெட்டைராஜா கழற்றி வைத்த கிரீடத்தைப் பார்த்தார். குஞ்சு எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், குட்டைராஜா சிரித்த சிரிப்பில் வாள் தானாக உறைக்குள் போய்விட்டது.

அப்புறம் புதுக் கோலை எடுத்துக்கொண்டு ரெண்டு கோட்டையிலிருந்தும் அளந்துகொண்டு வந்தார்கள். வடக்கத்தியான் பத்தாயிரம் போட்டு முடித்தான், தெற்கத்தியான் பத்தாயிரம் போட்டு முடித்தான். ரெண்டு பேர் கோல் நுனியும் கல்லின் ரெண்டு பக்கத்திலும் வந்து முட்டிக்கொண்டது. தாத்தாக்களில் ஒருத்தர் நெட்டை, ஒருத்தர் குட்டை. பேரன்களும் அப்படியே. பிறகு கூட்டுத்தொகை எப்படி மாறும்? அந்தக் கல்லை ஒட்டி இருக்கிற ஊமத்தம்பட்டி ரெண்டு பேருக்கும் பொது, அங்கேயிருந்து எந்தப் படைக்கும் ஆள் எடுக்கக் கூடாது என்று ரெண்டு ராஜாவும் கல்லைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள்.

“உனக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்டார்கள்.

“என் பிள்ளைகள் ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்புங்க. கஞ்சி ஆறிப்போகும்.”

சடையன் சிவப்புத் துணியையும் மாயன் கறுப்புத் துணியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவந்தார்கள்.

“ஏன்டா, ரெண்டு பேருக்கும் தொடை, முதுகு எல்லாம் நல்லா இருக்கா?” என்று தடவித் தடவிப் பார்த்தாள்.

“குத்தவே இல்லயே ஆத்தா!”

“தெரியும்டா. இருந்தாலும் காட்டு.”

உடையப்பரை என்ன செய்வது? தலையை எடுக்கலாம் என்றார் ஒரு ராஜா. யானைக் காலில் போடலாம் என்றார் இன்னொருத்தர். மூக்காயி கேட்டாள், “ஏன் சாமி, கல்லு கிடக்கது ஒரு இடம். கிழக்க மலை வரைக்கும், மேற்க ஆறு வரைக்கும் எல்லை எங்க ஓடுதுன்னு யாரு கோடு போடுறது? இவரு நாட்டை அளக்க ஆசைப்பட்டவருதான?”

சரி என்று விட்டார்கள். உடையப்பரின் தலைப்பாகையையும் குறட்டையும் கழற்றச் சொல்லி, மலையடிவாரத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். அங்கேயிருந்து ஆறு வரைக்கும் அங்கப்பிரதட்சணம். அவர் உருண்டுகொண்டே போக, பின்னாலேயே ஆட்கள் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனார்கள். நெருஞ்சியில் உருண்டார், கள்ளிக்காட்டில் உருண்டார், எருமை படுத்த சேற்றில் உருண்டார். ஆசைப்பட்ட புளியந்தோப்புக்குள்ளும் உருண்டார், ஒரு பழத்தைக்கூடப் பொறுக்கமுடியவில்லை, ஏனென்றால் நிற்கக் கூடாது. ஆற்றங்கரையில் எழுந்தபோது அவருக்கு எது வடக்கு எது தெற்கு என்றே தெரியவில்லையாம். இன்றைக்கும் அந்தக் கோட்டில் புல் முளைக்காது. போய்ப் பார்க்கவேண்டும் என்றால் போய்ப் பாருங்கள், ஊர் எங்கே இருக்கிறது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

கிரீடத்தையும் குறட்டையும் கழற்றிவிட்டு மண்ணில் படுத்தால்தான் ராஜாவுக்கே தன் நீளம் தெரிகிறது. நம்முடைய நீளம் நம் பாய்க்குத் தெரியும். கதை முடிந்தது, போய்ப் படுங்கள்.